லாபம் காட்டிய கம்பெனி

(நம் குடியிருப்பு மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



போன மாதம் செயலாளர் என்னை லிஃப்டில் பார்த்து, "சார், உங்க பையன் வெளிநாட்டுக் கம்பெனியோட சென்னை ஆபீஸ்ல ஆறு வருஷம் இருந்தார் இல்லையா, அந்த அனுபவத்தைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். "அவனையே கூப்பிடலாமே" என்றேன். "அவங்க எல்லாம் வரமாட்டாங்க சார், நீங்க பேசுங்க" என்றார். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

பேசுவதற்கு முன் மகனிடம் அனுமதி கேட்டேன். "பேரு சொல்லாதீங்க, கம்பெனி பேரும் வேண்டாம். மத்ததைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்றான். அதனால் பெயர்கள் இல்லாமல் சொல்கிறேன்.

நான் தொழில்நுட்பம் படித்தவன் இல்லை. பி.காம் முடித்து, தேர்வு எழுதி, 1984-ல் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, 2020-ல் எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். நான் சேர்ந்த காலத்தில் வங்கியில் கம்ப்யூட்டர் வருவதே பெரிய சண்டை. 1983-ல்தான் ஊழியர் சங்கங்களுக்கும் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் அதுபற்றி ஒரு ஒப்பந்தம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு நானும் வாசலில் கோஷம் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டில் கம்ப்யூட்டர் எஞ்சினியர் பிறந்தான். அவன் வேலையும் போனது. ஆனால் கம்ப்யூட்டரால் போகவில்லை. எதனால் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதில் என்னுடைய தப்புக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கம்பெனி என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் பேஸ்மென்டில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கார் நிறுத்தும் இடங்கள் இருக்கின்றன அல்லவா? காலையில் முதலில் கிளம்புகிறவர் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கே சண்டை ஆரம்பித்துவிடும். இதே பிரச்சினைதான் சரக்குக் கப்பலிலும். இருபதடிப் பெட்டிக் கணக்கில் 20,000 பெட்டிக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் இன்று ஓடுகின்றன. முதல் துறைமுகத்தில் இறங்க வேண்டிய பெட்டி அடியில் இருக்கக் கூடாது. கனமானது கீழே, லேசானது மேலே. குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் மின் இணைப்பு வேண்டும். ரசாயனம் இருக்கும் பெட்டிகளை ஒன்றோடொன்று சேராமல் தள்ளி வைக்க வேண்டும். இத்தனையும் பார்த்து அடுக்கிய பிறகு கப்பல் ஒருபக்கம் சாயக் கூடாது, நடுவில் வளைந்துபோகவும் கூடாது. இதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள்தான் அவர்கள் சரக்கு. உலகத்தில் இதைச் செய்கிற கம்பெனிகள் கொஞ்சம்தான்.

தாய்க் கம்பெனி ஜெர்மனியில். அங்கே முந்நூறு பேர். இங்கே பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தில் அரை மாடி, நாற்பத்து மூன்று பேர். என் மகன் 2017-ல் சேர்ந்தான்.

அவன் அங்கே சந்தோஷமாக இருந்தான். அதை முதலில் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனியில் இருந்தபோது அவன் எழுதியது எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று அவனுக்கே தெரியாது. இங்கே அப்படியில்லை. நடுக்கடலில் இருக்கும் கப்பலிலிருந்து ஒரு அதிகாரி, "உங்கள் கணக்கில் இந்த இடம் உதைக்கிறது" என்று எழுதுவார். அது நேராக இவன் மேஜைக்கு வரும். இவன் சரிசெய்து அனுப்புவான். மறுநாள் நன்றி சொல்லிப் பதில் வரும். சாப்பிடும்போது அந்தக் கதையை எங்களிடம் சொல்வான். கப்பலையே கிட்டத்தில் பார்க்காத என் மனைவிக்கு, பெட்டி அடுக்குகிற விஷயம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

நேரமும் சௌகரியம். ஜெர்மனி நமக்கு வெயில் காலத்தில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். அதனால் பதினொன்றரைக்குப் போய் எட்டரைக்குத் திரும்புவான். அதற்கு மேல் இவன் ஆன்லைனில் இருந்தால் அங்கிருக்கும் மேலாளரே, "உனக்கு வீடு இல்லையா?" என்று கேட்பாராம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பாதிப் பேர் விடுமுறை போய்விடுவார்கள். அப்போது ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

குறையும் இருந்தது. என்ன செய்வது என்ற முடிவெல்லாம் அங்கே. செய்து முடிப்பது இங்கே. முதல் இரண்டு வருஷம் சென்னைக்குப் பழுது பார்க்கும் வேலைதான் வந்தது. புது வேலை அங்கேயே நின்றுவிடும். காபி குடிக்கும்போது அவர்கள் தங்கள் மொழியில் பேசி முடிவெடுத்துவிடுவார்கள். இவர்களுக்கு மெயிலில்தான் தெரியும். மூன்றாவது வருஷம்தான், ரசாயனப் பெட்டிகளைப் பிரித்து வைக்கும் பகுதி முழுவதையும் சென்னையிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு இவன்தான் பொறுப்பு. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2019-ல் அவன் இந்தக் குடியிருப்பில் வீடு வாங்க நினைத்தான். நாம் இப்போது இருக்கும் இதே வீடுதான். பெரிய கடன், இருபது வருஷத் தவணை. ஒருநாள் என்னிடம் வந்து, "அப்பா, இந்தக் கம்பெனி நிக்குமா? தைரியமா லோன் போடலாமா?" என்று கேட்டான்.

எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. கடன் பிரிவில் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். எத்தனை பேலன்ஸ் ஷீட் பார்த்திருப்பேன்! "இரு, நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். எந்த பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டிப் பார்க்கலாம். உங்களில் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். கட்டினேன், இறக்கினேன், அச்செடுத்தேன். மூன்று வருஷமும் லாபம். வங்கிக் கடன் ஒரு ரூபாய் இல்லை. கையில் நல்ல ரொக்கம். சிவப்பு மையில் சுழிக்க ஒன்றுமே இல்லை. "தாராளமா போடுப்பா, கம்பெனி கல்லு மாதிரி இருக்கு" என்றேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

அதே நம்பிக்கையில் இன்னொரு காரியமும் செய்தேன். வங்கியில் ஓய்வு பெற்றவர்களுக்கு 2015-லிருந்து ஒரு குழு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தை நாமே கட்ட வேண்டும். அது வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. மகன் கம்பெனியின் காப்பீட்டில் பெற்றோருக்கும் இடம் இருந்தது. இரண்டு எதற்கு என்று என்னுடையதை விட்டுவிட்டேன். ஒரு வருஷத்துக்கு இவ்வளவு மிச்சம் என்று மனைவியிடம் கணக்கு வேறு காட்டினேன்.

நாலு வருஷம் நன்றாகப் போனது. பிறகு, ஐரோப்பாவிலேயே ஒரு பெரிய கம்பெனி அந்தத் தாய்க் கம்பெனியை வாங்கியது. பெரிய கம்பெனிக்கு ஏற்கெனவே வேறொரு இந்திய நகரத்தில் ஆயிரம் பேர் இருக்கும் அலுவலகம் உண்டு. சென்னையில் நாற்பத்து மூன்று பேருக்குத் தனியாக வாடகை, தனி ஆடிட்டர், தனி நிர்வாகம் எதற்கு என்று யோசித்திருக்கிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, வீடியோ கூட்டம். மொத்தம் இருபது நிமிஷம். சென்னை அலுவலகம் மூன்று மாதத்தில் மூடப்படும் என்று சொல்லிவிட்டார்கள். நம் சட்டப்படி இந்தியாவில் தங்கியிருக்கும் இயக்குநர் ஒருவராவது கம்பெனிக்கு இருக்க வேண்டும். அப்படி இங்கே இயக்குநராகக் கையெழுத்துப் போட்டவருக்கே முதல் நாள் இரவுதான் தெரியுமாம்.

மகன் மருமகளிடம் மட்டும் சொன்னான். எங்களிடம் சொல்லவில்லை. தினமும் பதினொன்றரைக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான்.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? என் மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தோம். முன் அனுமதிக்காக மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரில் அட்டையை நீட்டினேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க சொல்ற தேதிக்கு இந்த பாலிசி இருக்காது. இந்த மாசம் 31-ம் தேதியோட முடியுது. கம்பெனியில கேளுங்க" என்றாள்.

வரும் வழியில் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவன் வண்டியை நிறுத்தும்வரை பேஸ்மென்டிலேயே காத்திருந்தேன்.

"ஏம்பா, எங்கிட்ட சொல்லலை?"

"உங்களுக்கு ஏற்கெனவே பிபி. வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்பா."

"அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி உனக்குத் தெரியும்ல?"

அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். 'நீங்கதானே பேலன்ஸ் ஷீட் பார்த்துச் சொன்னீங்க' என்று அவன் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய ஃபைலில் அந்த அச்செடுத்த தாள்களைத் தேடி எடுத்தேன். இந்தமுறை முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் குறிப்புகளைப் படித்தேன். வருமானம் எங்கிருந்து வந்தது? முழுக்க முழுக்கத் தாய்க் கம்பெனியிடமிருந்து. ஒரே ஒரு வாடிக்கையாளர். கப்பல்காரர்கள் கட்டும் பணம் எல்லாம் ஜெர்மனிக்குப் போகும். சென்னைக் கம்பெனிக்கு வெளியில் ஒரு ரூபாய் வியாபாரமும் கிடையாது.

பிறகு லாபம் எப்படி வந்தது? அது இப்படித்தான். இங்கே சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய் செலவானால், தாய்க் கம்பெனி நூற்றுப் பத்தோ நூற்றுப் பதினைந்தோ அனுப்பும். ஏன் கூடுதலாக அனுப்புகிறார்கள்? சொந்தக் கம்பெனிகளுக்குள் செய்யும் பரிமாற்றமும் வெளியாளிடம் செய்வதுபோல நியாய விலையில் இருக்க வேண்டும் என்று 2001-ல் நம் வருமான வரிச் சட்டத்தில் விதி கொண்டுவந்தார்கள். வெளியாள் லாபமில்லாமல் வேலை செய்வானா? அதனால் ஒரு சதவீதத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆக, தாய்க் கம்பெனி நஷ்டத்தில் தத்தளித்தாலும் இங்கே லாபம் வரும். செலவை அதிகமாக்கினால் லாபமும் அதிகமாகும்! நான் பார்த்துப் பெருமைப்பட்ட லாபம், வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

எனக்கு ஆற மாட்டாதது எது என்றால், இந்த விஷயம் எனக்குத் தெரியாததில்லை. கடன் பிரிவில் இருந்தபோது அம்பத்தூர் பக்கத்திலிருந்து சிறு தொழிற்சாலைக்காரர்கள் வருவார்கள். நான் முதலில் கேட்கும் கேள்வி, "உங்களுக்கு எத்தனை பார்ட்டி?" என்பதுதான். "ஒரே பார்ட்டிதான் சார், ஆனா பெரிய பார்ட்டி" என்றால், மேலாளருக்குப் போகும் குறிப்பில் அதை எழுதிவைப்பேன். பெரிய பார்ட்டி ஒருநாள் ஆர்டரை நிறுத்தினால் இவர் கதி என்ன என்று. ஊர்க்காரர்களிடம் எல்லாம் கேட்ட கேள்வியை என் வீட்டுப் பையனுக்காகக் கேட்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி, நல்ல பெயர், லாபம். அதிலேயே மயங்கிவிட்டேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பி.காம் படித்த எல்லாருக்கும் சாலமன் வழக்கு தெரியும். லண்டனில் பூட்ஸ் செய்கிற ஒருவர் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றி, மனைவி மக்களையே பங்குதாரர்களாக வைத்துக்கொண்டார். கம்பெனி நொடித்தபோது, கடனுக்கு அவரே பொறுப்பு என்றார்கள். 1896-ல் பிரபுக்கள் சபை சொன்னது: கம்பெனி வேறு, ஆள் வேறு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம். அதற்கு அர்த்தம் அன்று ராத்திரிதான் புரிந்தது. என் மகன் ஆறு வருஷம் "நான் அந்த ஜெர்மன் கம்பெனியில வேலை செய்யறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். மேஜைமேல் அவர்கள் சின்னம், மெயிலில் அவர்கள் பெயர். ஆனால் நியமனக் கடிதத்தில் இருந்தது அதே பெயருக்குப் பின்னால் 'இந்தியா பிரைவேட் லிமிடெட்'. சட்டத்தின் கண்ணில் அது வேறு கம்பெனி. அங்கே இருக்கும் வேலைப் பாதுகாப்பு எதுவும் இங்கே வராது.

அந்த வித்தியாசம் சின்னது இல்லை. ஜெர்மனியில் ஐந்து நிரந்தர ஊழியர்கள் இருந்தாலே ஊழியர் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய அளவில் ஆட்குறைப்பு என்றால் நிர்வாகம் அந்தக் குழுவோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். அங்கேயும் ஆட்களைக் குறைத்தார்கள். ஆனால் பல மாதம் பேச்சு நடந்தது. இங்கே இருபது நிமிஷம். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடை எதுவும் இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. பழைய சங்கக்காரன் என்பதால் மகனிடம் அதைச் சொன்னேன். "நாப்பத்து மூணு பேருக்கு எங்கப்பா சங்கம்?" என்று சிரித்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. மூன்று மாதச் சம்பளம், பணிக்கொடை, மீதி விடுப்புக்குப் பணம் எல்லாம் பைசா குறையாமல் வந்தது. அந்த ஜெர்மன் மேலாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடைசி நாள் அவரே சென்னைக்கு வந்து எல்லாரோடும் சாப்பிட்டார். அவருக்கும் அந்த முடிவில் பங்கு இல்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியாத ஒரு வேலை இழப்பு அது.

சரி, இதில் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருடைய மகனோ மகளோ மருமகனோ இப்படிப்பட்ட கம்பெனியில்தான் இருக்கிறார்கள். நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது, நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று. பிறகு நூறு ரூபாய் கட்டிக் கணக்கைப் பாருங்கள். லாபத்தைப் பார்த்து ஏமாறாமல், பின்குறிப்பில் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரே வாடிக்கையாளர் என்றால், பார்க்க வேண்டியது தாய்க் கம்பெனி எப்படி இருக்கிறது, யாராவது வாங்கப்போகிறார்களா என்பதை.

இரண்டு, மருத்துவக் காப்பீடு. கம்பெனிக் காப்பீடு பெரும்பாலும் வேலை முடியும் நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான். குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறக் கேட்கலாம். ஏற்கெனவே இருந்த வருஷங்களையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் பழைய பாலிசி முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒன்பது நாள். மருத்துவப் பரிசோதனை, தாள், கையெழுத்து என்று நானும் மகனும் அலையாத அலைச்சல் இல்லை. 2024-லிருந்து 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாகக் காப்பீடு எடுக்க வயது தடையில்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று வருஷம்தான். என்னைப்போல மிச்சம் பிடிக்கிறேன் என்று சொந்த பாலிசியை விட்டுவிடாதீர்கள். சின்னத் தொகைக்காவது ஒன்று வைத்திருங்கள்.

மூன்று, பணிக்கொடை. ஐந்து வருஷம் முடிந்தால்தான் என்பது பொது விதி. மகனோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு நாலு வருஷம் ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 1990-களிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னேன். பணம் வந்தது. இந்தக் கதை முழுவதிலும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான்.

நாலு, தாள்கள். அலுவலக மெயிலும் லேப்டாப்பும் ஒருநாள் திடீரென்று பூட்டிக்கொள்ளும். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், காப்பீட்டுத் தாள், படிவம் 16 எல்லாவற்றுக்கும் சொந்த நகல் வீட்டில் இருக்க வேண்டும். கம்பெனியே மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? வருங்கால வைப்பு நிதியில் வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் ஊழியரே இணையத்தில் பதியலாம். அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்யாமல் புது வேலைக்கு மாற்றுங்கள். பத்து வருஷச் சேவை சேர்ந்தால்தான் அதில் மாதா மாதம் ஓய்வூதியம்.

ஐந்து, வெளிநாட்டுப் பங்குகள். என் மகனுக்கு இது இல்லை. ஆனால் சி பிளாக்கில் ஒருவர் கேட்டார், மகளுக்குத் தாய்க் கம்பெனி ஷேர் கொடுக்கிறது, இங்கேதான் வரி பிடித்துவிட்டார்களே, இன்னும் என்ன என்று. பங்கு கைக்கு வரும்போது பிடிப்பது சம்பள வரி. விற்றால் லாபத்துக்குத் தனி வரி. விற்காமல் வைத்திருந்தாலும், வருமான வரி அறிக்கையில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒவ்வொரு வருஷமும் காட்ட வேண்டும். அந்த அட்டவணைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை உள்ள வருஷம்தான் கணக்கு. ஐ.டி.ஆர். 1 படிவத்தில் அந்த இடமே கிடையாது. காட்டத் தவறினால் 2015-ம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, நிலம் வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் இருபது லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனாலும் காட்டத்தான் வேண்டும். நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆறு, இதற்குப் படிப்பே தேவையில்லை. ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியாக ஒரு டெபாசிட்டில் இருக்கட்டும். அதைத் தொடாதீர்கள். எங்களிடம் அப்படி இல்லை. அடுத்த நாலு மாதம் தவணை கட்டியது என் பென்ஷனும், நான் முதிர்வுக்கு முன்பே உடைத்த ஒரு டெபாசிட்டும். அந்தப் பணத்தை வாங்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஏழாவதாக ஒன்று. இது பிள்ளைகளுக்கு இல்லை, நமக்கு. வேலை போனதை அவர்கள் நம்மிடம் சொல்லத் தயங்குகிறார்கள் என்றால் அதற்குப் பாதிக் காரணம் நாம்தான். கல்யாண வீட்டில், பூங்காவில், "என் பையன் அந்தக் கம்பெனி" என்று நாம் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயர் இல்லாமல் நம் முன்னால் வந்து நிற்க அவர்களுக்குக் கூச்சமாகிவிடுகிறது. நான் முப்பத்தாறு வருஷம் ஒரே முதலாளியிடம் இருந்தேன். அது என் சாமர்த்தியம் இல்லை, அந்தக் காலத்தின் அமைப்பு. அவர்களுக்கு அந்த அமைப்பு கிடையாது. இது புரிந்திருந்தால் என் மகன் முதல் நாளே சொல்லியிருப்பான். எங்களுக்கு ஒன்பது நாளுக்குப் பதில் இரண்டு மாதம் கிடைத்திருக்கும்.

என் மனைவியை எல்லாருக்கும் தெரியும். அதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சர்க்கரை கட்டுக்குள் வராததால் டாக்டர் அவசரப்பட மாட்டேன் என்றுவிட்டார். தனி பாலிசி கிடைத்து, நாலு மாதம் கழித்துத்தான் அறுவை சிகிச்சை நடந்தது. பாலிசியில் கொஞ்சம் வந்தது, மீதியைக் கையிலிருந்து கட்டினோம். அந்த நாலு மாதமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஒருநாள்கூட யாரையும் குறை சொல்லவில்லை.

மகனுக்கு ஐந்தாவது மாதம் வேலை கிடைத்தது. மறுபடியும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னைக் கிளைதான். இந்தமுறை துறைமுகக் கிரேன்களுக்கான மென்பொருள். சேருவதற்கு முன் அவனே நூறு ரூபாய் கட்டி, கணக்கை அச்செடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

"அப்பா, இந்தத் தடவை பின்னாடி இருக்கிற நோட்ஸையும் படிங்க."

படித்தேன். "இங்கேயும் ஒரே பார்ட்டிதான்பா" என்றேன்.

"தெரியும்பா. தெரிஞ்சுதான் சேர்றேன். அந்த மாதிரி வேலை வேற எங்கே கிடைக்கும்?"

எனக்கும் வேறு பதில் தெரியவில்லை. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே ஒரு தொகையை அந்த ஆறு மாதக் கணக்கில் போட ஆரம்பித்திருக்கிறான். எங்கள் இரண்டு பேர் பாலிசியின் புதுப்பிப்புத் தேதியை சமையலறைக் காலண்டரில் அவனே வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கா பெஞ்சில் இருப்பேன். தாளைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிக்கலாம். இந்தமுறை கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம்.